எந்தப் பங்கு?

எங்கள் ஆஸ்பத்திரியில் ஏசியைப் போட்டுவிட்டு அதற்குள் ஸ்வெட்டர், மஃப்ளர், தலையில் குல்லா சகிதம் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் தரணிதரன் சார்தான். கோத்தகிரிக் குளிரில் ஏசியா என்று சிரிக்காதீர்கள். நாங்கள் எல்லோரும் சிரித்து ஓய்ந்துவிட்டோம். ஏசி அவருக்கு இல்லை, அவர் பார்த்துக்கொள்ளும் இரண்டு சர்வர் மெஷின்களுக்கு. அவை சூடானால் ஆஸ்பத்திரியே முழி பிதுங்கி நிற்கும் என்பது எங்களுக்கு ஒருமுறை பட்டுத்தான் தெரிந்தது.

நான் தேவி. ஸ்கேன் அறையில் டெக்னீஷியன். நான் எடுக்கும் ஒவ்வொரு படமும் அவருடைய குளிர் அறைக்குத்தான் போய்ச் சேரும். அந்த வகையில் இந்த ஆஸ்பத்திரியில் அவரோடு அதிகம் பேசுகிற ஆள் நான்தான். அதிகம் என்றால் என்ன, நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார். அதுவும் பெரும்பாலும் "பாக்கலாமுங்க" என்பதாக இருக்கும். எனக்குப் பொறுமை கிடையாது. அந்த "பாக்கலாமுங்க"வைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை சூடாகும்.

அவருடைய அப்பா அவிநாசிப் பக்கத்திலிருந்து மலை ஏறி வந்து அரவேணுவில் மளிகைக் கடை போட்டவர். பின்னாலேயே இரண்டு சித்தப்பாக்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கடை இன்றைக்கும் ஒரே கடைதான், கல்லாவும் ஒன்றுதான். யாருடைய கடை என்று தரணிதரன் சாரைக் கேட்டால் "மூணு பேருக்கும் பங்குங்க" என்பார். தரணிதரன் சார் கோவையில் படித்துவிட்டுக் கொஞ்ச காலம் அங்கேயே ஒரு கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தார். கீழே வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்துவிட்டார். அந்தக் கம்பெனி தன் பழைய மெஷின்களைக் கழித்தபோது, நல்ல நிலையில் இருந்த இரண்டை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கேட்டு வாங்கித் தந்தவரும் அவர்தான். மெஷினோடு சேர்ந்து அவரும் வந்துவிட்டார் என்று கேன்டீனில் கிண்டல் செய்வோம்.

அவருடைய வேலை என்ன என்று என் மாமியாருக்கு விளக்கப் போய் நான் பட்ட பாட்டை இங்கேயும் படுகிறேன். மெஷின் இரண்டு. அவற்றுக்கு நடுவில் டிஸ்க்குகள் அடுக்கிய பெட்டி ஒன்று. நாலைந்து டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரு குரூப் என்று கட்டி வைத்திருப்பார்கள். சில குரூப்புகள் இரண்டு மெஷினுக்கும் பொது. ஒரு சமையலறைக்கு இரண்டு கதவு இருப்பது மாதிரி. எந்தக் கதவு வழியாகப் போனாலும் அதே அடுப்பு, அதே பாத்திரம். ஒரு மெஷின் படுத்துவிட்டாலும் இன்னொன்றின் வழியாகப் படங்களைப் பார்த்துக்கொள்ளலாம். வேறு சில குரூப்புகள் ஒரு மெஷினுக்கு மட்டும் சொந்தம். அடுத்த மெஷினிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தினமும் வந்ததும் அவர் செய்கிற முதல் காரியம், கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை அடிப்பது. vxdg list என்று அடித்தால் அந்த மெஷினின் கண்ணுக்குத் தெரிகிற குரூப்புகள் எல்லாம் வரிசையாக வரும். நடுவில் -s என்று சேர்த்தால் பொதுவில் இருப்பவை மட்டும் வரும். அவர் எப்போதும் அந்த எஸ்ஸைச் சேர்த்தேதான் அடிப்பார். படங்கள் இருப்பது பொதுவில், மற்றதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. முதல் மெஷினில் ஒருமுறை, இரண்டாவதில் ஒருமுறை. வருகிற வரிகளை வாய்விட்டுப் படிப்பார். "எனேபிள்டு, ஷேர்டு. எனேபிள்டு, ஷேர்டு." குரூப் ஓடுகிறது, பொதுவில் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டிலும் கிளம்புகிறபோது கேஸ், மோட்டார், லைட் என்று ஒவ்வொரு சுவிட்சாகப் பெயர் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாராம். அவர் மனைவி பிரீத்தி அக்கா சொல்லியிருக்கிறார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்குமாம், இவர் மோட்டாரிடம் விடைபெற்றுக்கொண்டிருப்பாராம்.

அந்த "ஷேர்டு" என்ற சொல்லுக்கு அவர் வைத்த பெயர்தான் பங்கு. எங்களில் பாதிப் பேருக்கு அந்த இங்கிலீஷ் வாயில் நுழையாது, நுழைந்தாலும் மண்டையில் ஏறாது என்று அவரே தமிழ்ப்படுத்திக் கொடுத்தார். "படமெல்லாம் பங்குல இருக்குதுங்க, பயப்படாதீங்க" என்பார். நாங்களும் தலையாட்டினோம். புரிந்த மாதிரிதான் இருந்தது.

இந்த வருஷம் மழைக்காலத்தில் அவருடைய சின்ன சித்தப்பா மகளுக்கு அவிநாசியில் கல்யாணம். தரணிதரன் சார் லீவு போட்டார். அவர் லீவு போடுவதே அதிசயம் என்பதால் டாக்டர்கள் உட்பட எல்லோருக்கும் கொஞ்சம் உதறல்தான். ரெக்கார்டு செக்‌ஷன் மகாலட்சுமியிடம் பொறுப்பை விட்டுப் போனார். மகாலட்சுமி கட்டபெட்டுக்காரி, கெட்டிக்காரி. அவர் இல்லாதபோது மெஷினைப் பார்த்துக்கொள்ள வேண்டியதெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவளும் பிழை இல்லாமல் செய்வாள்.

கல்யாண மும்முரத்தில் அவர் இருந்தபோதுதான் என்னுடைய ஸ்கேன் மெஷின் "இடம் இல்லை" என்று மக்கர் செய்தது. மழைக்கால இருமல், நெஞ்சுச்சளி என்று வரிசை கட்டி வந்தவர்களைப் படம் எடுத்து எடுத்து டிஸ்க் நிரம்பிவிட்டது. மகாலட்சுமி அவருக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவில் அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"பழைய படத்தையெல்லாம் புதுப் பங்குக்கு மாத்திருங்க! புதுசா டிஸ்க் போட்டு வச்சிருக்கறனுங்க!"

"சரிங்க சார், மாத்திர்றனுங்க" என்றாள் மகாலட்சுமி. அன்றைக்கே மாற்றியும் விட்டாள். என் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. எல்லோருக்கும் நிம்மதி.

அவர் கல்யாணம் முடிந்து திரும்பி வந்த அன்றைக்குத்தான் மூக்கம்மா வந்தார்.

மூக்கம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். ஐம்பதைத் தாண்டிய வயசு. இருமல் நிற்கவில்லை என்று வந்தவருக்கு டாக்டர் ராஜசேகர் நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நான்தான் எடுத்தேன். வலது நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி. சுண்டைக்காயில் பாதிகூட இருக்காது. ஆனால் அந்த இடத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தால் எந்த டாக்டரும் முகம் மாறிவிடுவார். ராஜசேகர் சார் என் திரைக்கு அருகில் வந்து குனிந்து பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி இங்க ஸ்கேன் எடுத்திருக்கீங்களாம்மா?"

"எடுத்தாங்க சார். நாலு வருசத்துக்கு முந்தி, எங்க பிக்கப் வேன் கவுந்தப்போ. விலா எலும்பு ஒடஞ்சிருச்சான்னு பாத்தாங்க."

"ஃபிலிம் குடுத்திருப்பாங்களே?"

மூக்கம்மாவுக்குக் கூச்சமாகிவிட்டது. "குடுத்தாங்க சார். எஸ்டேட் லயத்து வீட்டுல ஜன்னல் கண்ணாடி ஒடஞ்சு போச்சுன்னு எங்க வீட்டுக்காரரு அத வச்சு அடச்சாரு. மழையில ஊறி ஒண்ணுமில்லாமப் போச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். இந்தப் புள்ளி அன்றைக்கே இதே அளவில் இருந்திருந்தால் அது ஏதோ பழைய தழும்பு, ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அன்றைக்கு இல்லாமல் இப்போது புதிதாக வந்திருந்தால் கோயமுத்தூருக்குப் போய், நெஞ்சுக்குள் ஊசி விட்டு, சதை எடுத்துப் பார்த்தாக வேண்டும். அன்றைய ரிப்போர்ட்டில் விலா எலும்பைத் தவிர வேறு எதையும் எழுதவில்லை. ஆகவே பழைய படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

"பழைய படம் கெடைக்கலேன்னா சார்?"

"கெடைக்கலேன்னா கோயமுத்தூர்தாம்மா. தெரியாம சும்மா விட முடியாது."

மூக்கம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "எங்க அக்காளையும் சதை எடுத்துப் பாக்கறதுக்குன்னுதான் சார் கூட்டிட்டுப் போனாங்க. பொணமாத்தான் கொண்டாந்தாங்க" என்றார். பிறகு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

நான் பழைய படத்தைத் தேடினேன். பெயர் வந்தது, வயசு வந்தது, எத்தனை படம் என்பதும் வந்தது. திறந்தால் திரை கறுப்பாக நின்றது. மறுபடி திறந்தேன், அதே கறுப்பு. அந்த வருஷத்து வேறு ஆட்களின் படங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் கறுப்பு. ஒரு மூக்கம்மாவா, ஓராயிரம் பேருடைய நெஞ்சும் மண்டையும் முதுகும் அங்கே இருக்க வேண்டியவை. குளிர் அறைக்கு ஓடினேன்.

தரணிதரன் சார் மஃப்ளருக்குள் புதைந்திருந்தார். கல்யாண வீட்டு மைசூர்பாகு டப்பா மேஜையில் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் வழக்கம்போல "பாக்கலாமுங்க" என்று ஆரம்பித்தார். "பாக்கலாம் கீக்கலாமெல்லாம் வேண்டாம், இப்பவே பாருங்க சார்" என்று சத்தம் போட்டேன். மகாலட்சுமியையும் கூப்பிட்டு அனுப்பினேன்.

அவர் கட்டளையை அடித்தார், எஸ்ஸோடு சேர்த்து. முதல் மெஷினில் இரண்டு வரி வந்தது. எனேபிள்டு, ஷேர்டு. எனேபிள்டு, ஷேர்டு. இரண்டாவது மெஷினிலும் அதே இரண்டு வரி. "டிஸ்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். பிறகு புதிதாகப் போட்ட குரூப்புக்குள் போய்ப் பார்த்தார். காலி. துடைத்துவிட்ட பாத்திரம் மாதிரி இருந்தது. பழைய குரூப்பில் பார்த்தார். அங்கேயும் பழைய படங்கள் இல்லை, நன்றாக இடம்தான் இருந்தது.

அவர் குல்லாவைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் அவர் தலைமுடியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

மகாலட்சுமி வந்தாள். "ஏனுங்க மகாலட்சுமி, பழைய படமெல்லாம் எங்கீங்க?"

"பங்குக்கு மாத்திட்டனுங்களே சார். நீங்கதான சொன்னீங்க."

"பங்குல இல்லீங்களே."

"இருக்குதுங்க சார். மாத்திட்டு நானே திறந்து பாத்தனே."

"இல்லீங்க. காலியா இருக்குது."

"இருக்குதுங்க சார்!"

அவர் இல்லை என்பார், இவள் இருக்கிறது என்பாள். இரண்டு பேரும் பொய் சொல்கிற ஜாதி இல்லை. அதனால்தான் என் தலை சுற்றியது. பாதி வழியில் கரன்ட் போய், அங்கேயும் சேராமல் இங்கேயும் அழிந்துவிட்டதா என்று அவர் முணுமுணுத்தார். மகாலட்சுமியின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. நான் வேறு சும்மா இல்லாமல், "வெளியில ஒரு அம்மா உசுரக் கையில பிடிச்சுட்டு உக்காந்திருக்குது, நீங்க ரெண்டு பேரும் உண்டு இல்லைன்னு விளையாடறீங்க" என்று கத்தினேன்.

கத்தியதில் ஒரு நன்மை. மகாலட்சுமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நகருங்க சார், நானே காட்டறேன்" என்று இரண்டாவது மெஷினின் முன்னால் உட்கார்ந்து, தன் பழக்கப்படி கட்டளையை அடித்தாள். அவள் எஸ் சேர்க்கவில்லை. சேர்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. இந்தத் தடவை மூன்று வரி வந்தது.

"இதா, இதான் எங்க பங்கு" என்று மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

அந்த வரியில் எனேபிள்டு இருந்தது, ஷேர்டு இல்லை. போன மாசம் ரெக்கார்டு செக்‌ஷனுக்கென்று தனியாகக் கட்டிக்கொடுத்த குரூப் அது. "ஸ்கேனுக்கு மட்டும்தான் எல்லாம், எங்களுக்கும் ஒரு பங்கு வேணும்" என்று மகாலட்சுமி சண்டை போட்டு வாங்கியது. இரண்டாவது மெஷினுக்கு மட்டும் சொந்தம். முதல் மெஷினின் கண்ணில் படாது, எஸ் போட்டால் எந்த மெஷினிலும் படாது. நான் படம் பார்ப்பது முதல் மெஷின் வழியாக, மகாலட்சுமி பார்ப்பது இரண்டாவதின் வழியாக.

"அது எப்படிங்க பங்காகும்? அது உங்களுக்கு மட்டும் தனியா குடுத்ததில்லீங்களா?" என்றார் அவர்.

"தனியா குடுத்தாத்தான சார் பங்கு? போன வருசம் எங்க மாமனாரு தேயிலைத் தோட்டத்த அளந்து கல்லு நட்டு எங்களுக்கும் கொழுந்தனாருக்கும் குடுத்தாரு. இந்தப் பக்கம் எங்க பங்கு, அந்தப் பக்கம் அவங்க பங்கு. அவங்க பங்குல நாங்க ஒரு கொழுந்து கிள்ள மாட்டோம்."

அவர் அந்த மூன்றாவது வரியை வாய்விட்டு ஒருமுறை படித்தார். "எங்க கடையில அப்பாவுக்கும் பங்கு, சித்தப்பா ரெண்டு பேருக்கும் பங்கு. ஒரே கடைதானுங்க. பிரிச்சாத்தான் பங்குன்னு எனக்குத் தோணவே இல்லை" என்றார். அப்புறம் மெதுவாக, "தப்பு என்னுதுங்க. நான் வச்ச பேரு சரியில்லை. எஸ்ஸை எடுத்துட்டுப் பாத்திருந்தாலும் அப்பவே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

"நானும் எந்தப் பங்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. இருவரும் மாறி மாறிப் பழியை ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். இது விடிய விடிய நடக்கும் என்று தெரிந்ததால், "முதல்ல மூக்கம்மா படத்த எடுங்க" என்று நான் புகுந்தேன்.

ஆயிரம் பேருடைய படத்தையும் பொதுவுக்குக் கொண்டுவர நேரமாகும். மூக்கம்மாவுடையதை மட்டும் முதலில் நகல் எடுத்துப் போட்டார். ஓடுகிற எண்களை அவர் வாய்க்குள் படித்துக்கொண்டே இருந்தார். நான் அதற்குள் ஸ்கேன் அறைக்கு ஓடிவந்து திறந்தேன். கறுப்புத் திரையில் விலா எலும்பு வரிவரியாகத் தெளிந்து வந்தது. டாக்டரைக் கூப்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் தரணிதரன் சார். குல்லா இல்லாமல் நிற்கிறார். அவர் இந்த அறைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. யோசித்துப் பார்த்தால் இத்தனை வருஷத்தில் ஒரு படத்தைக்கூட அவர் திறந்து பார்த்திருக்க மாட்டார். அவருக்கு அவையெல்லாம் ஒரு பெயர், ஒரு அளவு, ஒரு தேதி. "உள்ள வாங்க சார்" என்றதும் தயங்கித் தயங்கி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

டாக்டர் இன்றைய படத்தையும் அன்றைய படத்தையும் அருகருகே வைத்தார். ஒவ்வொரு அடுக்காக நகர்த்தினார். வலது பக்கம் அந்த இடம் வந்தது. இன்றைய படத்தில் புள்ளி. பழைய படத்திலும் புள்ளி. அன்றைக்கு எலும்பையே பார்த்துக்கொண்டிருந்த யாருடைய கண்ணிலும் படாமல் அது அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் இரண்டையும் அளந்தார். அளந்ததை இன்னொரு தடவை அளந்தார்.

"வளரவே இல்ல தேவி. அப்படியே இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. "எதுங்க அம்மிணி அது?" என்று பின்னாலிருந்து தரணிதரன் சார் கேட்டார். நான் திரையில் தொட்டுக் காட்டினேன். அவர் நெருங்கி வந்து கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். "இத்துனூண்டா?" என்றார்.

மூக்கம்மாவை உள்ளே கூப்பிட்டோம். டாக்டர் இரண்டு படத்தையும் காட்டி, இது அன்றைக்கு, இது இன்றைக்கு, இரண்டிலும் ஒரே மாதிரி, இருமலுக்கு மருந்து தருகிறேன், கோயமுத்தூர் வேண்டாம் என்றார். அந்த அம்மா சந்தோஷத்தில் கும்பிடுவார், அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் திரைக்கு முன்னால் குனிந்து தன் நெஞ்சுக்குள் இருக்கிற அந்தப் புள்ளியைப் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நாலு வருசமா இது இங்கயேதான் இருந்திருக்கு?"

"அதுக்கு முன்னாடி இருந்துகூட இருந்திருக்கலாம்மா."

"கூடை தூக்கிட்டு மேடு ஏறறப்போ, மக கல்யாணத்துல நின்னப்போ எல்லாம்?"

"ஆமாம்மா."

மூக்கம்மா நிமிர்ந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"இருந்துட்டுப் போவட்டும் சார். இத்தன நாளு என்கூடவே சோறு தின்னுருக்கு. இனிமே போயி வெளிய போன்னு சொல்றதா?"